பெயின்ட் இல்லாமல் கறுக்கும் பித்தளை

பினாங்கில் வளர்ந்த தமிழர் ஒருவர் கப்பல் மாதிரி செய்ய உட்கார்ந்தால், மனசு முதலில் ரஜூலாவிடம்தான் போகும். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல்தான் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடி, நம்மில் பலருடைய தாத்தா பாட்டியை இங்கே கொண்டுவந்து இறக்கியது. மரத்தில் உடலைச் செதுக்கிக் கறுப்பு பெயின்ட் அடித்துவிடலாம். நங்கூரச் சங்கிலிக்கு அது சரிப்படாது.

நிஜச் சங்கிலியின் கம்பி 5 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். நூறில் ஒரு பங்கு மாதிரியில் அது அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. பிரஷால் அடிக்கிற பெயின்ட் 0.03 மில்லிமீட்டர் படிந்தால்கூட, கப்பலின் அளவில் அது 3 மில்லிமீட்டர் பூச்சு. அதைவிட மோசம், வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சங்கிலி தன் எடையில் தொய்ந்து தொங்காது, குச்சிபோல விறைத்து நிற்கும்.

அதனால்தான் மாதிரி செய்பவர்கள் கருமையாக்கும் திரவத்தை நாடுகிறார்கள். பித்தளைக்கு விற்கப்படும் இத்தகைய திரவங்கள் பலவற்றில் இருப்பவை செலினியஸ் அமிலமும் ஒரு செம்பு உப்பும்தான். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. சங்கிலியை உள்ளே விட்டதும், மேற்பரப்பில் உள்ள உலோகம் கொஞ்சம் கரைந்து எலக்ட்ரான்களைத் தருகிறது. அவற்றை வாங்கிக்கொண்டு செலினியமும் செம்பும் சேர்ந்து காப்பர் செலினைடாக அதே இடத்தில் படிகின்றன. அதன் நிறம் கறுப்பு. கண்ணெதிரே மஞ்சள் மங்கிப் பழுப்பாகும், பழுப்பில் நீலம் ஏறும், பிறகு கருமை நிலைக்கும். படலம் மூடிக்கொண்டதும் திரவத்துக்கு உலோகம் எட்டாது, வினை தானாகத் தளர்ந்துவிடும். பூச்சு மெல்லியதாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திரவம் கெட்டியாக இருந்தால் துகள்கள் அவசர அவசரமாகப் படிந்து, கரிபோல விரலில் ஒட்டிக்கொண்டு வரும். தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து, மெதுவாகக் கறுக்க விடுங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை வராது என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கும் முன்னால் சுத்தம். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் திரவம் ஒட்டாது, அந்த இடம் மட்டும் மஞ்சளாகவே நிற்கும். பாத்திர சோப்பு, அதன்பின் அசிட்டோன், கடைசியாகக் கொஞ்ச நேரம் சிட்ரிக் அமிலக் கரைசல். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது டார்டாரிக் அமிலம் செய்வதையே இங்கே சிட்ரிக் அமிலம் செய்கிறது, அதாவது ஆக்சைடைக் கரைக்கிறது.

ஈயம் வைத்துப் பற்றவைத்த மூட்டுகளைப் பித்தளைத் திரவம் பித்தளையைப்போல் கறுக்க வைக்காது. இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. மயில்துத்தக் கரைசலை (மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட் என்ற செம்பு உப்பு) மூட்டின் மேல் தடவி, இரும்புக் கம்பியின் நுனியால் தொடுங்கள். இரும்பு கரைந்து எலக்ட்ரான்களை விடும். அவை ஈயப்பற்றின் வழியே ஓடிக் கரைசலில் உள்ள செம்பைப் பிடித்து உலோகமாக்கும். சாம்பல் நிற மூட்டின் மேல் செம்பு சிவப்பாகப் படர்வதைப் பார்க்கலாம். பேட்டரி இல்லாமலே நடக்கிற மின்முலாம் இது. அந்தச் செம்பு பிறகு நன்றாகக் கறுக்கும்.

பினாங்கின் உப்புக் காற்றில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளையங்களின் இடுக்கில் அமிலம் மிச்சம் இருந்தால், ஈரத்தை இழுத்துக்கொண்டு நாளாக ஆகப் பச்சைப் பொட்டுகள் கிளம்பும். சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை முக்கி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். மேலே மெல்லிய மெழுகு போதும்.

செலினியஸ் அமிலம் கொடிய நஞ்சு. வாயில் போனால் உயிரே போகும், தோல் வழியாகவும் கெடுதல் செய்யும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். தீர்ந்த திரவத்தைச் சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம். செலினியம் மீன்களையும் கெடுக்கும், நம் சாக்கடைகள் போய்ச் சேருவது கடலில்தான்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் கந்தகம் நல்லது. நன்றாக வெந்த முட்டையை நசுக்கி, ஒரு செம்புக் கம்பியோடும் பித்தளைத் துண்டோடும் மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். முட்டையிலிருந்து கசியும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற கந்தக வாயு செம்பைச் சில மணி நேரத்தில் பழுப்பாக்கி, பிறகு கறுப்பாக்கும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே கந்தகத்தால்தான். பித்தளை மட்டும் அவ்வளவாக மாறாது. அதில் உள்ள துத்தநாகத்தின் சல்பைடு வெள்ளை நிறம்.