பார்லி வரைந்து காட்டும் ஊர்

ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில், ஆங்கஸ், ஈஸ்ட் லோதியன் வட்டாரங்களில், சட்டப் பாதுகாப்பு பெற்ற வரலாற்றுக்கு முந்தைய குடியிருப்புகள் பல உண்டு. நேரில் போனால் வெறும் பார்லி வயல்தான். ஊரைச் சுற்றி அகழியோ மதிலோ இல்லாமல் வாழ்ந்தவர்களின் வட்டவீடுகள் உழவில் தேய்ந்து, மண்ணுக்கடியில் பள்ளங்களாக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைக் காட்டிக்கொடுப்பது பயிர்.

தூர்ந்துபோன பள்ளத்தில் நிறைந்திருப்பது மேல்மண். சுற்றியுள்ள சரளையைவிட அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழை குறைந்த ஆண்டில், ஜூன் ஜூலையில், மற்ற பயிர் பழுத்த பிறகும் பள்ளத்தின் மேல் நிற்பது உயரமாகவும் பச்சையாகவும் இருக்கும். புதைந்திருப்பது கல்சுவரானால் நேர்மாறு: வேருக்கு ஆழம் போதாமல் பயிர் குட்டையாகி, முன்னதாகவே மஞ்சளடிக்கும். வரப்பில் நிற்பவருக்கு இதெல்லாம் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். விமானத்திலிருந்து பார்த்தால் வட்டம் கூடிவரும். 1976, 2018 வறட்சிகள் பிரிட்டனில் இதற்குப் பேர்போனவை.

பார்லியும் கோதுமையும் நன்றாகக் காட்டும். புல்லுக்குக் கடும் வறட்சி வேண்டும். களிமண் நிலத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

அரணில்லாத ஊருக்கு இன்னொரு சிக்கல். கோட்டையின் அகன்ற அகழி சுமாரான ஆண்டிலும் தெரிந்துவிடும். அரை மீட்டர்கூட இல்லாத கம்பக்குழி தெரிவது அபூர்வம். பெரும்பாலும் கண்ணில் படுவது, வீட்டுக்குள் சுவரையொட்டி அகலமாக, அதிக ஆழமில்லாமல் தேய்ந்த வளையப் பள்ளம். மாடுகள் மிதித்துத் தேய்ந்தது என்பது ஒரு விளக்கம். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் நான்கு வளையம் இருந்தால் நான்கு வீடுதான் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. பள்ளமே விழாத வீடு படத்தில் வராது.

ஏமாற்றும் வட்டங்களும் உண்டு. மாட்டுக்குத் தீவனம் வைக்கும் வளையத் தொட்டியின் தடம் இரண்டு மூன்று மீட்டர்தான். வீடென்றால் பெரும்பாலும் 8 முதல் 15 மீட்டர், பலவற்றில் கிழக்கிலோ தென்கிழக்கிலோ வாசல் இடைவெளி. வேறோர் ஆண்டில், வேறு பயிரிலும் அதே இடத்தில் வந்தால் நம்பலாம். சாய்வாக எடுத்த படத்தை வரைபடத்தில் பொருத்த, வேலிமுனை போன்ற நிலையான புள்ளிகள் குறைந்தது நான்கு வேண்டும்.

தொல்சின்னங்களைக் காக்கும் பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு பெற்ற இத்தகைய நிலத்தில் வடிகால் குழாய் பதிக்கவும் அடிமண்ணைக் கிளறும் ஆழ உழவுக்கும் முன் அனுமதி தேவை. வழக்கமான ஆழத்தில் உழுவது தொடரலாம். இது பாதி காப்புத்தான். சரிவான வயலில் மேல்மண் ஆண்டுதோறும் கீழே நகர்கிறது. மேட்டில் மண் மெலிய மெலிய, அதே 25 செ.மீ. உழவு அடிமண்ணுக்குள் இறங்குகிறது. ஆழமில்லாத வளையப் பள்ளம்தான் முதலில் போகும்.