எல்லே நீஸ்: சாய்ந்த கான்கிரீட்டில் மணிக்கு 198 கிலோமீட்டர்

பாரிஸுக்குத் தெற்கே மோன்லெரி என்ற இடத்தில் 1924-இல் ஒரு பந்தயத் தடம் கட்டினார்கள். ஒரு சுற்று 2.548 கிலோமீட்டர். அதில் நேரான பகுதி கொஞ்சம்தான், மற்றதெல்லாம் வளைவு. 1929 டிசம்பரில் எல்லே நீஸ் என்ற பெண் அந்தத் தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 198 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, பெண்களுக்கான வேகச் சாதனையைப் படைத்தார். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 46 வினாடி. அந்தக் காலத்து டயர்களை வைத்துக்கொண்டு வளைவில் இந்த வேகம் எப்படிச் சாத்தியமானது?

அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் பந்தய வீராங்கனையே இல்லை. 1900-இல் பிரான்ஸின் ஒரு சிற்றூரில் தபால்காரரின் மகளாகப் பிறந்து, பதின்ம வயதில் பாரிஸுக்கு வந்து, மௌனப் பட யுகத்து மேடைகளில் நடனத் தாரகையாக உயர்ந்தவர். காசினோ த பாரி போன்ற பெரிய அரங்குகளில் ஆடியவர். 1929-இல் பனிச்சறுக்கில் முழங்காலில் அடிபட்டது. நடனத்துக்கு அத்தோடு முற்றுப்புள்ளி. அந்த ஜூன் மாதமே மோன்லெரியில் நடந்த பெண்களுக்கான கிராண்ட் பிரியில் ஒமேகா சிக்ஸ் காரை ஓட்டி வென்றார். அப்புறம்தான் புகாட்டி கார் கைக்கு வந்தது.

இப்போது வளைவுக்கு வருவோம். ஓடும் கார் நேராகப் போகவே பார்க்கும். அதைத் திருப்ப வேண்டுமானால் வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை தேவை. சமதளச் சாலையில் அந்த விசையைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. வளைவின் ஆரம் 250 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 198 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 55 மீட்டர். அதற்குக் காரின் எடையைப் போல 1.23 மடங்கு பக்கவாட்டுப் பிடிப்பு வேண்டும். அன்றைய ரப்பர் காரின் எடையளவுகூடப் பிடித்து நிறுத்தாது. சமதளமாக இருந்திருந்தால் புகாட்டி வழுக்கிக்கொண்டு வெளியே போயிருக்கும்.

சரி, சாலையையே சாய்த்துவிட்டால்? தரை காரைத் தனக்குச் செங்குத்தான திசையில் தள்ளுகிறது. சாய்ந்த தரையில் அந்தத் தள்ளலின் ஒரு பகுதி எடையைத் தாங்கும், இன்னொரு பகுதி காரை உள்பக்கமாகத் திருப்பும். சாய்வும் வேகமும் சரியாகப் பொருந்திவிட்டால் பக்கவாட்டு உராய்வே தேவைப்படாது. நம் கணக்கில் அந்தச் சாய்வு ஏறக்குறைய 51 பாகை. மனிதர் நின்றால் சறுக்கி விழுகிற சரிவு அது.

பொருட்காட்சிகளில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். அங்கே சுவர் நெட்டுக்குத்தாக நிற்பதால், வண்டியின் எடை முழுவதையும் உராய்வுதான் தாங்கியாக வேண்டும். மோன்லெரியில் அந்தப் பாரத்தைச் சாய்வு ஏற்றுக்கொள்கிறது. உராய்வு சின்னச் சின்னப் பிசகுகளைச் சமாளிக்கக் கையிருப்பாக இருக்கிறது.

தடத்தின் குறுக்குவெட்டு கிண்ணம் மாதிரி வளைந்தது: கீழே சாய்வு குறைவு, மேலே போகப் போகச் செங்குத்து. ஆகவே ஒவ்வொரு வேகத்துக்கும் அதற்கென்று ஓர் உயரம் உண்டு. வேகம் குறைந்தால் கார் கீழே இறங்கப் பார்க்கும். கூடினால் விளிம்பை நோக்கி ஏறும். விளிம்புக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. அந்த உயரத்தைக் கணக்கு போட்டுப் பிடிக்க ஓட்டுபவருக்கு நேரமில்லை. ஸ்டியரிங் கையில் எந்தப் பக்கம் இழுக்கிறது, இருக்கை எந்தப் பக்கம் நழுவுகிறது என்பதிலிருந்து உடம்புதான் உணர வேண்டும். உடலின் சமநிலையைப் பல ஆண்டுகள் மேடையில் பழகிய ஒருவருக்கு இது கைகொடுத்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

அந்த உடம்பும் சும்மா இருக்க முடியாது. 51 பாகைச் சாய்வில் வினாடிக்கு 55 மீட்டர் வேகத்தில் ஓட்டுபவரின் எடை 1.6 மடங்காகக் கூடியதாகத் தோன்றும். 55 கிலோ ஆள் இருக்கையில் 87 கிலோவாக அழுந்துவார். தலை கனக்கும், கைகள் கனக்கும். காரின் ஸ்பிரிங்குகள் அழுந்தியிருப்பதால் கான்கிரீட்டின் ஒவ்வொரு மேடுபள்ளமும் முதுகெலும்பில் இறங்கும். இது ஒவ்வொரு வளைவிலும் நடக்கும். 46 வினாடிக்கு இரண்டு முறை.

இனி காற்று. காற்றின் தடையைச் சமாளிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 100 கிலோமீட்டரில் போகும் காரை 198-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய எட்டு மடங்கு திறன் வேண்டும். புகாட்டி 35சி காரின் எஞ்சின் எட்டு சிலிண்டர் கொண்டது, கொள்ளளவு இரண்டு லிட்டர்தான். சாதாரண எஞ்சின் வளிமண்டல அழுத்தம் தள்ளும் அளவு காற்றைத்தான் உள்ளே வாங்கும். இதிலோ ஒரு சூப்பர்சார்ஜர் உண்டு: எஞ்சினே சுழற்றும் இரண்டு உருளிகள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழன்று, பெட்ரோல் கலந்த காற்றைச் சிலிண்டருக்குள் திணிக்கும். காற்று கூடினால் எரியும் பெட்ரோலும் கூடும், திறனும் கூடும்.

1930-இல் அவர் அமெரிக்காவுக்குப் போய் மண் தடங்களில் ஓட்டினார். அங்கே இயற்பியல் வேறு. மண்ணில் பிடிப்பு குறைவு என்பதால் பின்சக்கரங்களை வேண்டுமென்றே வெளிப்பக்கமாகச் சறுக்கவிட்டு, முன்சக்கரங்களை எதிர்த்திசையில் திருப்பி ஓட்ட வேண்டும். மோன்லெரியில் எந்தச் சறுக்கலைத் தவிர்க்கப் பழகினாரோ, அதையே இங்கே கருவியாக்கிக்கொண்டார். இரண்டிலும் தேறியவர் என்பதால்தான் அவரை நான் வெறும் சாதனைக்காரராகப் பார்ப்பதில்லை.

1936 ஜூலையில் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத் தெருக்களில் நடந்த பந்தயத்தில் அவருடைய ஆல்ஃபா ரோமியோ ஒரு வைக்கோல் கட்டில் மோதியது. தரைமட்டத்தில் சக்கரம் தடைபட்டாலும் காரின் நிறைமையம் அதற்கு மேலே, அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், கார் புரண்டுவிடும். இருக்கைப் பட்டை இல்லாத காலம் அது. கூட்டத்தில் பலர் இறந்தார்கள். தூக்கி எறியப்பட்ட அவர் மூன்று நாள் நினைவின்றிக் கிடந்து பிழைத்தார்.

அடுத்த ஆண்டே மோன்லெரிக்குத் திரும்பினார். யாக்கோ எண்ணெய் நிறுவனத்தின் சோதனை ஓட்டத்தில் நான்கு பெண்கள் முறைவைத்து பத்து நாள் இரவு பகலாகச் சுற்றினார்கள்; அவர்களில் அவர் ஒருவர். பல சாதனைகள் பதிவாயின. 1949-இல் பந்தய வீரர் லூயி சிரோன், போர்க்காலத்தில் அவர் ஜெர்மானிய ரகசியப் போலீசுக்கு வேலை செய்ததாகப் பொதுவிடத்தில் குற்றம் சாட்டினார். ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. இருந்தும் அவருடைய பந்தய வாழ்க்கை அதோடு முடிந்தது. 1984-இல் நீஸ் நகரில் வறுமையில் இறந்தார்.