நீங்க உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்

என் கிளினிக்கில் காத்திருப்பவர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலிகளுக்குக் கைப்பிடி கிடையாது. வேண்டுமென்றே அப்படி வாங்கினேன் (முடியாதவர்களுக்காக ஓரத்தில் கைப்பிடி வைத்தது இரண்டு உண்டு). பெயரைக் கூப்பிட்டதும் ஒருவர் எப்படி எழுந்து வருகிறார் என்பதை உள்ளே இருந்தபடியே பார்த்துவிடுவேன். சிலர் தொடையில் இரண்டு கைகளையும் ஊன்றுவார்கள். சிலர் முன்னும் பின்னுமாக இரண்டு ஆட்டம் ஆடி மூன்றாவதில் எழுவார்கள். சிலர் தாமாக எழவே மாட்டார்கள், பக்கத்தில் இருக்கும் மகன் கை கொடுப்பார். "எங்க வலிக்குது?" என்று கேட்பதற்கு முன்பே எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

திருச்சியில் 17 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். முட்டி வலி, இடுப்பு வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் கூடவே ஒரு கணக்கையும் கொண்டு வருகிறார்கள். எட்டு கிலோ குறைக்கணும், பத்தாயிரம் ஸ்டெப்ஸ் போகணும், பொண்ணு கல்யாணத்துக்குள்ள தொப்பை போகணும். கணக்கு வைப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கு யாருடையது என்று விசாரித்தால் பல நேரம் வந்திருப்பவருடையதாக இருக்காது.

போன வருடம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வயது 66. (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கூடவே மகன், கையில் எக்ஸ்ரே கவர். அம்மாவின் மணிக்கட்டில் மகன் கட்டியிருப்பதைப் போலவே ஒரு ஸ்மார்ட் வாட்ச். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே இலக்கு, தினமும் பத்தாயிரம் அடி. உத்திர வீதியில் காலையும் மாலையும் சுற்றியிருக்கிறார்கள். மூன்றாவது வாரம் அம்மாவுக்கு வலது முழங்கால் வீங்கிவிட்டது.

மகனே எல்லாவற்றையும் சொன்னார். வலி எப்போது ஆரம்பித்தது, என்ன மாத்திரை, ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், எல்லாம். நான் அந்த அம்மாவிடம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டேன். அவர் மகன் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "மலைக்கோட்டை ஏறணும் டாக்டர். உச்சிப் பிள்ளையாரைப் பார்த்து ஆறு வருஷம் ஆச்சு" என்றார். மகனுக்கு அது புதுச் செய்தி.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஏதோ மருத்துவ விதி என்று பலர் நினைக்கிறார்கள். 1965இல் ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஓர் அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'மன்போ-கேய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. விற்க வைத்த பெயர் உலகம் முழுக்க இலக்காகிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பெண்கள் 16,741 பேரை வைத்து வெளியான ஓர் ஆய்வில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே நடங்கள், தாராளமாக நடங்கள். ஆறு வருடம் உட்கார்ந்திருந்த கால்களை ஒரே வாரத்தில் பத்தாயிரத்துக்கு இழுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் ஒரு நாளை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். காய்கறி, மளிகை எல்லாம் போனில் சொன்னால் வாசலுக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் கேனைப் பையன் உள்ளே வந்து வைத்துவிட்டுப் போகிறான். வாசலில் ஸ்டிக்கர் கோலம். முட்டி வலிக்கிறது என்று ஒரு தடவை சொன்னதற்காக, சாமி படங்களை நின்றபடி கும்பிடும் உயரத்துக்கு மகன் ஏற்றி வைத்துவிட்டார். சாப்பாடு மேஜையில். கட்டில் உயரமானது. எதையாவது எடுக்கக் குனிந்தால், "அத்தை, நீங்க உட்காருங்க, நான் எடுக்கிறேன்" என்று மருமகள் ஓடி வருகிறார். கடைசியாகத் தரையில் எப்போது உட்கார்ந்தீர்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து, "நாலு வருஷம் இருக்கும்" என்றார்.

இதில் ஒன்றுகூடத் தப்பான எண்ணத்தில் செய்ததில்லை. எல்லாமே பாசம்தான். ஆனால் தசைக்குப் பாசம் தெரியாது. வேலை வந்தால் இருக்கும், வராவிட்டால் கரையும். முப்பது வயதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை நம் தசை குறைகிறது, 60ஐத் தாண்டினால் வேகம் கூடுகிறது. இந்தக் குறைவு எடை பார்க்கும் இயந்திரத்தில் தெரியாது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் முள் அதே இடத்தில்தான் நிற்கும். "பத்து வருஷமா எனக்கு அதே வெயிட்தான்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களின் தொடையைத் தொட்டுப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். சர்க்கரைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்குச் சொன்னது. கிடங்கைச் சுருக்கிக்கொண்டே போகிற வீடுகளும் அந்தக் கணக்குக்குள் வருகின்றன.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு உட்காருங்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 65 முதல் 69 வயதுக்குள் இருக்கும் பெண்கள் 11க்குக் கீழே, ஆண்கள் 12க்குக் கீழே எடுத்தால் அது சராசரிக்குக் குறைவு, கீழே விழும் ஆபத்து அதிகம் என்று பொருள். அந்த அம்மா 6 எடுத்தார். ஆறாவதில் மூச்சு வாங்கியது.

"இந்த வயசுல இனிமே எங்க டாக்டர் பலம் வரப்போகுது?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன். 1990இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்குக் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் அவர்களுடைய தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. "அவங்களுக்கே வந்திருக்கு, நீங்க சின்னப் பொண்ணு" என்றேன். சிரித்தார்.

பயிற்சி பெரிதாக ஒன்றுமில்லை. வீக்கம் வடிந்ததும் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழுந்து உட்காருவது. ஐந்து ஐந்தாக மூன்று தடவை, இடையில் ஒரு நிமிடம் ஓய்வு, வாரத்தில் மூன்று நாள். பதினைந்து நாள் கழித்து ஒரு தலையணை போனது, அப்புறம் இன்னொன்று. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வருவதற்குள் சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது. வீட்டு வாசலில் ஒரே ஒரு படி, ஏறி இறங்குவது. எழும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை மறக்கவே கூடாது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் அந்த வலி நின்றாலோ, முட்டி வீங்கினாலோ, அளவு அதிகம் என்று அர்த்தம். தொடையில் இரண்டு நாள் பிடித்த மாதிரி இருப்பது வேறு, மூட்டுக்குள் குத்துவது வேறு. முதலாவது தானாகப் போய்விடும், இரண்டாவதை வந்து காட்டுங்கள். நெஞ்சில் அழுத்தம், மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் என்னிடம் அல்ல, நேராக மருத்துவமனைக்கு.

சாப்பாட்டில் ஒரே ஒரு மாற்றம்தான் சொன்னேன். ஐசிஎம்ஆர் கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ இருப்பவருக்கு ஏறக்குறைய 50 கிராம். அந்த அம்மா காலையில் இரண்டு இட்லியும் சட்னியும், ராத்திரி ரசம் சாதமும் சாப்பிடுகிறவர். சுண்டல் செய்வது நவராத்திரிக்கு மட்டும். அதை வாரத்தில் நான்கு நாளாக்கி, தினமும் கெட்டிப் பருப்பும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்க்கச் சொன்னேன். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பின்பற்ற வேண்டாம்.

கஷ்டமான பயிற்சியை வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் கொடுத்தேன். அம்மாவே எழுந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டும், துணி மடிக்கட்டும், கீரை ஆயட்டும், பக்கத்துக் கடைக்குப் போய் வரட்டும். ஓடிப் போய்ப் பிடுங்காதீர்கள் என்றேன். மகன் சரி என்றார். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தனியாக வந்து, "மேடம், நீங்க சொல்றது புரியுது. ஆனா அத்தை பையைத் தூக்கிட்டு நடந்தா தெருவுல என்னைத்தான் பேசுவாங்க. மாமியாரை வேலை வாங்குறான்னு" என்றார்.

எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. நம் ஊரில் பெரியவர்களை உட்கார வைப்பதுதான் மரியாதை, உட்கார வைக்காத மருமகளுக்குப் பெயர் கெட்டுவிடும். ஒரு சீட்டில் "தினமும் அரைக் கிலோமீட்டர், இரண்டு கிலோ சுமையுடன் நடக்க வேண்டும்" என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். அது வேலை செய்தது. யாராவது கேட்டால் "டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காங்க" என்று சொல்லிவிடலாம் அல்லவா.

இவர்களைக் குறை சொல்ல எனக்கும் தகுதியில்லை. ஊரிலிருந்து அப்பா பேருந்தில் வந்து இறங்கும்போதெல்லாம் முதல் வேலையாக அவர் கையிலிருந்து பையை வாங்குகிறவள் நான்தான்.

இதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் ஆட்டுக்கல், அம்மி, கிணறு இருந்ததால்தான் எல்லோரும் திடமாக இருந்தார்கள் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அந்த வேலைகளைச் செய்தே முதுகு கூனிப்போன பாட்டிகளுக்கும் நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். மிக்ஸி இருக்கட்டும், உடம்புக்கு வேறு வழியில் வேலை கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் நடை போன்ற பயிற்சி, அத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பாதியைச் சொன்னால், "அது ஜிம் போற பசங்களுக்குத்தானே?" என்கிறார்கள்.

ஜிம் போகும் பசங்கள் கதை தனி. ஜனவரியில் நான்கு நண்பர்கள் சேர்ந்து பணம் கட்டுவார்கள், மார்ச்சில் ஒருவர் மிச்சமிருப்பார். அதுகூடப் பரவாயில்லை. ஒரு கல்லூரிப் பையன் முதல் நாளே நண்பர்களோடு பந்தயம் கட்டி, நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழுந்திருக்கிறான். மூன்றாம் நாள் தொடை கல் மாதிரி இறுகி, நடக்க முடியாமல் என்னிடம் வந்தான். சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டேன். "பிளாக் டீ மாதிரி போகுது" என்றான். தொடவே இல்லை, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். அளவுக்கு மீறிய பயிற்சியில் தசை நார்கள் உடைந்து ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும். நல்லவேளை, நான்கைந்து நாள் டிரிப்ஸோடு தப்பித்தான். பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுத்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

கிளினிக்குக்கு வர முடியாமல் படுக்கையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள், இலவசம்தான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள்.

அந்த அம்மா நான்காவது மாதம் நாற்காலியில் 11 எடுத்தார். எடை ஒன்றரை கிலோதான் குறைந்திருந்தது, மகனுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறையும் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மலைக்கோட்டை, தாயுமானவர் சன்னதிக்குப் போகும் படிகள். நானூறுக்கு மேல் இருக்கும் படிகளில் அதுவரைதான் ஏறியிருக்கிறார்கள். "அத்தை இங்கயே போதும்னுட்டாங்க மேடம். உச்சிப் பிள்ளையார் எங்கயும் போயிட மாட்டார், அடுத்த மாசம் வரேன்னு சொல்லிட்டாங்க" என்று கீழே எழுதியிருந்தார். படத்தில் மகன் இரண்டு படி மேலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அர்ச்சனைக் கூடை அம்மாவின் கையில் இருந்தது.