அமலாக்க ஆய்வா, நடைமுறைப்படுத்தல் ஆய்வா?

இந்த மாதம் மட்டும் மூன்று ஆய்வுச் சுருக்கங்களில் 'அமலாக்க ஆய்வு' என்ற தொடரைப் பார்த்துவிட்டேன். நல்ல சிகிச்சைகள் அன்றாட வழக்கத்துக்கு வருவது எப்படி என்று ஆராயும் இம்ப்ளிமென்டேஷன் ரிசர்ச் என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். அதைப் படித்த நண்பர், "அமலாக்கத்துறை நடத்திய சோதனையா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. செய்தித்தாள் தமிழில் 'ஆய்வு' என்றால் அதிகாரி நேரில் போய்ப் பார்ப்பது. அதற்கு முன்னால் 'அமலாக்க' என்றும் சேர்த்தால் வேறு எப்படிப் புரியும்?

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இம்ப்ளிமென்ட் என்பதன் வேர், 'நிரப்பு' என்று பொருள்படும் லத்தீன் சொல். ஆங்கிலத்தில் முதலில் கருவியைக் குறித்தது, பிறகு 'நிறைவேற்று' என்ற வினையானது. 'அமல்' அரபுச் சொல். பொருள் செயல், பணி. ஆட்சி நிர்வாகத்தோடு நம்மிடம் வந்தது. களங்கமற்றது என்று பொருள்படும் வடமொழி 'அமல'த்துக்கும் இதற்கும் உறவில்லை.

அரபுச் சொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. சட்டத்துக்கு அமல் பொருத்தமான சொல்தான். ஆனால் அது ஆணை இடுபவரின் பக்கத்திலிருந்து பார்க்கும் சொல். "சட்டம் அமலில் இருக்கிறது, நடைமுறையில் இல்லை" என்று நாம் இயல்பாகப் பேசுகிறோம். இந்த ஆய்வுத்துறை பிறந்ததே அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான். பலன் தரும் என்று நிரூபணமான ஒரு சிகிச்சை அன்றாட மருத்துவத்துக்குள் ஏன் போய்ச் சேரவில்லை, எப்படிச் செய்தால் சேரும் என்பதுதான் அதன் கேள்வி. இடைவெளியை ஆராயும் துறைக்கு, அந்த இடைவெளியையே மறைக்கிற சொல்லை வைக்கலாமா?

சிலர் 'செயலாக்கம்' என்கிறார்கள். தரவுச் செயலாக்கம், படச் செயலாக்கம் என்று பிராசசிங்குக்கு அது எப்போதோ போய்விட்டது. 'செயல்படுத்தல்' பரவாயில்லை, பொருள் கெடாது. ஆனாலும் என் தேர்வு 'நடைமுறைப்படுத்தல்'. நீளம் என்பார்கள். சரி, நீளம்தான். ஆனால் நடைமுறைக்கு வந்தது, நடைமுறையில் நிலைத்தது, நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஆய்வாளருக்கு வேண்டிய ஒரு குடும்பமே அதோடு கூட வருகிறது.

வெறும் சொல் சண்டை இல்லை இது. இத்தகைய ஆய்வுகளை எழுதுவதற்காக 2017இல் வெளிவந்த ஸ்டாரி (StaRI) என்ற நெறிமுறையில் 27 அம்சங்கள் உண்டு. அதன் மையக் கருத்தே இரண்டு இழைகளைத் தனித்தனியாக விவரி என்பதுதான்: எதைக் கொண்டுவந்தீர்கள் என்ற தலையீடு ஒன்று, எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்ற உத்தி இன்னொன்று. மருத்துவமனையில் கை சுத்தம் செய்வது தலையீடு. ஒவ்வொரு படுக்கை அருகிலும் கிருமிநாசினி வைப்பது, ஊழியர்கள் எத்தனை முறை கை கழுவினார்கள் என்று எண்ணி அவர்களுக்கே தெரிவிப்பது, இவை உத்தி. முதலாவதால் தொற்று குறைந்ததா என்பது ஒரு கேள்வி, இரண்டாவதால் கை கழுவும் பழக்கம் கூடியதா என்பது வேறு கேள்வி. நான் பார்த்த சுருக்கம் ஒன்றில் "கைச்சுத்த அமலாக்கம் பலனளித்தது" என்று இருந்தது. எது பலனளித்தது? யார், என்ன செய்தார்கள், எவ்வளவு நாள்? ஒன்றுக்கும் பதில் இல்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டமிட்டபடியே செய்யப்பட்டதா என்று அளக்கும் ஃபிடெலிட்டியை 'விசுவாசம்' என்று எழுதுகிறார்கள். ஊழியர்களின் விசுவாசம் குறைவு என்று அச்சில் வந்தால், அந்த ஊழியர்களைப் பற்றி வாசகர் என்ன நினைப்பார்? 'வழுவாமை' என்று எழுதலாம். இல்லாவிட்டால் "திட்டமிட்டபடி செய்தது குறைவு" என்று நேராகவே சொல்லிவிடலாம்.