வரி பற்றி வாதிடும் முன் உங்கள் சம்பளச் சீட்டைப் படியுங்கள்

மருத்துவமனையில் பணிபுரியும் தாதி ஒருவர் அண்மையில் வரிக் கணக்கு விடயமாக என்னிடம் வந்தபோது, தமக்குக் கிடைக்கவிருந்த பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். சம்பளம் 50,000 பவுண்களைத் தாண்டினால் முழுச் சம்பளத்துக்கும் 40 வீதம் பிடித்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பியே அந்த முடிவை எடுத்திருக்கிறார். இலண்டனில் வரி ஆலோசகராகத் தொழில் செய்யும் எனக்கு இது புதிய கதை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இதே கதையோடு வருகிறார். நன்றாகப் படித்தவர்களும் கடுமையாக உழைப்பவர்களும் ஒரு தவறான கணக்கை நம்பித் தம் வருமானத்தைக் கைவிடுவதோடு, அதே கணக்கை வைத்துக்கொண்டே எந்தக் கட்சி நம்மை வாட்டுகிறது, எது காக்கும் என்றும் வாதிடுகிறார்கள். இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் சம்பளத்தின் முதல் 12,570 பவுண்களுக்கு வருமான வரி இல்லை. அதற்கு மேல் 50,270 வரையுள்ள பகுதிக்கு 20 வீதம். 50,270க்கு மேலுள்ள பகுதிக்கு மட்டும் 40 வீதம். 125,140க்கு மேலுள்ள பகுதிக்கு 45 வீதம். 'பகுதிக்கு மட்டும்' என்ற சொற்களைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். வாய்க்கால் நீர் ஒரு பாத்தி நிரம்பிய பின்னரே அடுத்த பாத்திக்குப் பாய்கிறது. அடுத்த பாத்திக்கு நீர் போய்விட்டது என்பதற்காக முதற்பாத்தி வற்றுவதில்லை.

நம்ப மறுப்பவர்களுக்காக ஒரு கணக்கு. ஓய்வூதியப் பிடித்தத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு 49,000 பவுண்கள் பெறுபவர் வருமான வரியாக 7,286 பவுண்களும் அரச ஓய்வூதியம் போன்றவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கப்படும் நேஷனல் இன்சூரன்ஸாக ஏறத்தாழ 2,914 பவுண்களும் செலுத்துகிறார். கையில் 38,800 வருகிறது. அவரது சம்பளம் 53,000 ஆனால் வருமான வரி 8,632, நேஷனல் இன்சூரன்ஸ் ஏறத்தாழ 3,071. கையில் வருவது 41,297. உயர்ந்த 4,000 பவுண்களில் ஏறத்தாழ 2,500 அவருக்கே சேர்கிறது. ஊரார் சொல்வது உண்மையானால் வருமான வரி மட்டுமே 21,200 ஆகியிருக்க வேண்டும். அப்படி ஒரு சம்பளச் சீட்டை நான் கண்டதில்லை, நீங்களும் காணப் போவதில்லை. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: 50,270 என்ற அதே எல்லையில் ஊழியரின் நேஷனல் இன்சூரன்ஸ் 8 வீதத்திலிருந்து 2 வீதமாக இறங்குகிறது. ஆகவே எல்லைக்குக் கீழே ஒவ்வொரு 100 பவுண்களிலும் 28 போகிறது, மேலே 42 போகிறது. ஸ்கொட்லாந்தில் படிகளும் வீதங்களும் வேறு, ஆனால் கணக்கிடும் முறை இதேதான். அந்தத் தாதிக்கு இழப்பு சம்பளத்தோடு நின்றுவிடவில்லை, அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். ஊழியர்களின் 2015 ஓய்வூதியத் திட்டத்தில் ஒவ்வோர் ஆண்டுச் சம்பளத்திலும் 54இல் ஒரு பங்கு ஓய்வூதியமாகச் சேர்வதால், உயர்வை மறுத்ததால் முதுமையில் வரும் ஓய்வூதியமும் குறையும்.

'வீதம் கூடவில்லை என்கிறார்கள், ஆனாலும் கூடுதலாகப் பிடிக்கிறார்களே' என்று கேட்பவர்களின் உணர்வு சரியானது. 12,570, 50,270 ஆகிய எல்லைகள் 2021 ஏப்ரல் முதல் நகரவில்லை. 2021 மார்ச்சில் நிதியமைச்சராக இருந்த கன்சர்வேடிவ் கட்சியின் ரிஷி சுனக் அவற்றை 2026 வரை நிறுத்திவைத்தார். 2022 நவம்பரில் அதே கட்சியின் நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட் அதை 2028 வரை நீட்டினார். 2025 நவம்பரில் தொழிற்கட்சியின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2031 வரை நீட்டினார். விலைவாசியோடு சம்பளம் ஏறும்போது எல்லை ஏறாவிட்டால், வீதத்தைத் தொடாமலே அரசின் வருமானம் பெருகும். இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து செய்த இந்த வரி உயர்வை ஒரு கட்சியின் தலையில் மட்டும் ஏற்றுவது உண்மைக்குப் புறம்பானது. ஹண்ட் 2024 ஜனவரியிலும் ஏப்ரலிலும் ஊழியரின் நேஷனல் இன்சூரன்ஸை 12 வீதத்திலிருந்து 8 வீதத்துக்குக் குறைத்ததும் உண்மை. ரீவ்ஸ் 2025 ஏப்ரல் முதல் தொழில் தருநரின் பங்கை 13.8 வீதத்திலிருந்து 15 வீதமாக உயர்த்தி, அது தொடங்கும் எல்லையையும் 9,100 பவுண்களிலிருந்து 5,000 ஆகக் குறைத்ததும் உண்மை. ஆனால் அந்தப் பங்கிலிருந்து சிறு தொழில்கள் ஆண்டுக்குக் கழித்துக்கொள்ளக்கூடிய தொகை அதே நாளில் 5,000 பவுண்களிலிருந்து 10,500 ஆக உயர்ந்தது. இரண்டு மூன்று பேரை வேலைக்கு வைத்திருக்கும் கடைக்காரர்கள் வீதத்தைப் பார்த்துக் கலங்கும் முன், அந்தக் கழிவு தமக்குக் கிடைக்கிறதா என்று தம் கணக்காளரிடம் கேட்க வேண்டும்.

அஞ்ச வேண்டிய இடங்கள் வேறு. வருமானம் 100,000 பவுண்களைத் தாண்டினால், மேலேறும் ஒவ்வொரு 2 பவுண்களுக்கும் வரியற்ற தொகையில் 1 பவுண் கரைகிறது. இதனால் 125,140 வரை உள்ள பகுதிக்கு வருமான வரி மட்டுமே 60 வீதமாகிவிடுகிறது. பெற்றோரில் ஒருவர் அந்த 100,000ஐத் தாண்டினாலே வேலை செய்யும் பெற்றோருக்கான குழந்தைப் பராமரிப்பு உதவி முழுவதும் போய்விடும். ஓய்வூதியத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செலுத்தினால் தவிர்க்கக்கூடிய இழப்பு இது. இந்த வருமானத்தில் இருப்பவர்கள்தான் ஆலோசனை கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். குழந்தை உதவித்தொகை 60,000 பவுண்களில் குறையத் தொடங்கி 80,000இல் முழுவதும் திரும்பப் போகிறது. அதற்காக விண்ணப்பிக்காமலே இருந்துவிடாதீர்கள். பணம் வேண்டாம் என்று குறிப்பிட்டு விண்ணப்பித்தாலும், வீட்டில் இருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை நேஷனல் இன்சூரன்ஸ் ஆண்டுகள் சேரும். முழு அரச ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 35 ஆண்டுகள் வேண்டும்.

அடுத்து, 'நேஷனல் இன்சூரன்ஸ் கட்டுகிறேன், ஆனால் வைத்தியரைப் பார்க்க முடியவில்லை' என்ற முறைப்பாடு. 1948 ஜூலை 5 அன்று தொடங்கியதிலிருந்து என்.எச்.எஸ். பெரும்பாலும் பொது வரியிலிருந்தே நடக்கிறது. நேஷனல் இன்சூரன்ஸிலிருந்து போவது சிறு பங்குதான். அந்தப் பணத்தின் பெரும்பகுதி இன்றைய முதியவர்களின் ஓய்வூதியத்துக்கு இன்றே போய்விடுகிறது. உங்கள் பெயரில் எங்கும் ஒரு சேமிப்பு இல்லை. மருத்துவத்துக்கும் முதியோர் பராமரிப்புக்கும் என்று சொல்லி 2022 ஏப்ரலில் நேஷனல் இன்சூரன்ஸ் 1.25 வீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டதும், அதே ஆண்டு நவம்பரில் அது கைவிடப்பட்டதும் இந்தக் குழப்பத்தை மேலும் கூட்டிவிட்டன.

வீடுகளிடம் உள்ளூர் மன்றம் வசூலிக்கும் கவுன்சில் டாக்ஸ் கதையும் இப்படித்தான். அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போவதில்லை. உள்ளூராட்சி மன்றத்துக்கும் பொலிஸுக்கும் போகிறது. மன்றம் செலவிடுவதில் பெரும்பகுதி குப்பைக்கும் தெருவிளக்குக்கும் அல்ல, முதியோர், மாற்றுத்திறனாளிகள், பிள்ளைகள் ஆகியோரின் பராமரிப்புக்கு. நம்மவர்கள் நிறைய வாழும் குரொய்டனில் 2020இல் மன்றம் தன் வரவுக்குள் செலவைச் சமாளிக்க முடியாது என்று அறிவித்தபோது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. அந்தக் கடன் சுமையைக் காரணம் காட்டி 2023இல் கவுன்சில் டாக்ஸை ஏறத்தாழ 15 வீதம் உயர்த்தியது கன்சர்வேடிவ் மேயரின் நிர்வாகம். அந்த ஆண்டுப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கட்சியை மட்டும் ஏசியவர்கள் கதையின் பாதியைத்தான் அறிந்திருந்தார்கள்.

கட்சிகள் சொல்லும் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கோரி, அதற்கு வாரம் 350 மில்லியன் பவுண்கள் அனுப்புகிறோம் என்று பேருந்தில் எழுதியவர்கள், பிரித்தானியாவுக்குக் கிடைத்த கழிவைக் கழிக்கவில்லை. 2024 ஜூன் தொலைக்காட்சி விவாதத்தில், தொழிற்கட்சி வந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 2,000 பவுண்கள் வரி கூடும் என்று சுனக் சொன்னது நான்கு ஆண்டுகளின் கூட்டுத்தொகை. கேட்டவர்கள் அதை ஓராண்டுக்கு உரியது என்றே எண்ணினார்கள். உழைக்கும் மக்களின் நேஷனல் இன்சூரன்ஸைக் கூட்டமாட்டோம் என்று வாக்குக் கேட்ட தொழிற்கட்சி, தொழில் தருநரின் பங்கைக் கூட்டிவிட்டு அது வாக்குறுதிக்குள் அடங்காது என்றது. எந்தக் கட்சியின் துண்டுப்பிரசுரமானாலும், எண் ஓராண்டுக்கா பல ஆண்டுகளுக்கா, வீதம் மாறியதா எல்லை மாறியதா, அதைத் தீர்மானிப்பது வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றமா எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்து நாடாளுமன்றமா உள்ளூர் மன்றமா என்று கேட்டுவிட்டே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. புதிதாக வந்தவர்கள் என்.எச்.எஸ்.ஸை இலவசமாக அனுபவிக்கிறார்கள் என்ற பேச்சை, முன்னர் வந்த நம்மவர்களே திருப்பிச் சொல்கிறார்கள். வேலை விசாவில் வரும் ஒருவர் பொதுவாக ஆண்டுக்கு 1,035 பவுண்கள் என்ற கணக்கில் விசாக் காலம் முழுவதற்குமான மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துகிறார். வேலை தொடங்கியதும் எல்லோரையும் போல வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் கட்டுகிறார். ஆனால் குறைந்த வருமானத்தினருக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவிகளை அவரால் பெற முடியாது. மருத்துவமனையின் தாதியும் பராமரிப்பு இல்லத்தின் ஊழியரும் பல இடங்களில் சுகாதார, பராமரிப்புப் பணியாளர்களுக்கான தனி விசாவில் வந்தவர்கள்தான். அவர்களுக்கு அந்த மருத்துவக் கட்டணம் இல்லை, ஆனால் வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் அவர்களும் கட்டுகிறார்கள்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சம்பளச் சீட்டில் வரிக் குறியீட்டைப் பாருங்கள். ஒரே வேலை, வேறு வருமானம் இல்லை என்றால் 12,570 பவுண்கள் வரியற்ற தொகையைக் குறிக்கும் 1257 எல் என்று பெரும்பாலும் இருக்கும், இல்லாவிட்டால் ஏன் என்று வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யிடம் கேளுங்கள். அவர்களின் செயலியிலேயே உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் ஆண்டுகளையும் பார்க்கலாம். பதவி உயர்வோ மேலதிக வேலையோ வந்தால், மறுக்கும் முன் ஒரு கணக்காளரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். வாக்காளர் பட்டியலிலும் பெயரைப் பதியுங்கள். பிரித்தானியக் குடியுரிமை இருந்தால்தான் வாக்களிக்கலாம் என்று எண்ணிப் பலர் பதியாமலே இருக்கிறார்கள். இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள் என்பதால், முறையான விசாவோடு இங்கு வாழும் அந்நாடுகளின் குடிமக்களும் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். பதிவதற்கு நேஷனல் இன்சூரன்ஸ் எண் போதும். தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். வாக்குச்சாவடியில் கேட்கும் படமுள்ள அடையாள ஆவணமாக உங்கள் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டையே காட்டலாம்.