பவர் பட்டனுக்கும் திரைக்கும் நடுவில்

பிள்ளைகளோடு சேர்ந்து குறைந்த செலவில் ஒரு கணினியைக் கட்ட நினைப்பவர்கள் புதுப் பாகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒரே காலத்தைச் சேர்ந்த இரண்டு பழைய டெஸ்க்டாப்கள் கிடைத்தால் போதும். ஒன்றில் கெட்டுப்போனது பெரும்பாலும் மற்றதில் நன்றாக இருக்கும்.

2012இல் வந்த ராஸ்பெரி பை என்ற சிறு கணினியும் பிள்ளைகளுக்காகவே பிறந்ததுதான். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்களிடம் நிரல் எழுதிய அனுபவம் குறைந்துவருவதைப் பார்த்த எபென் அப்டனும் அவர் நண்பர்களும் அதை உருவாக்கினார்கள். நிரல் எழுதப் பழக அருமையான கருவி. ஆனால் கட்டளைகளை நிறைவேற்றும் செயலி, தற்காலிக நினைவகமான ராம் எல்லாம் ஒரே பலகையில் ஒட்டியே வருவதால், கழற்றி மாட்டிப் பார்க்க அதில் அதிகம் இல்லை. கட்டக் கற்பதற்குப் பழைய பெட்டிதான் என் தேர்வு.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிய பிறகே பாகங்களில் கை வைக்க வேண்டும். கணினிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதற்குள் இருக்கும் மின்தேக்கிகளில் 300 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது? அந்தப் பட்டன், பாகங்கள் எல்லாம் இணையும் முதன்மைப் பலகையான மதர்போர்டின் இரண்டு ஊசிகளை ஒரு கணம் இணைக்கிறது, அவ்வளவுதான். உடனே எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்களைத் தரத் தொடங்கி, அவை நிலைப்பட்டதும் ‘எல்லாம் சரி’ என்று மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அதுவரை செயலி நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். விடுபட்டதும் அது தேடிப் போகும் முதல் கட்டளை, மதர்போர்டிலேயே உள்ள ஒரு சிப்பில், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்ற நிரலில் இருக்கிறது. பயாஸ் முதலில் கவனிக்கும் பொருள்களில் ஒன்று ராம்.

இதைப் பிள்ளைகள் காதாலேயே கேட்கலாம். ராமைக் கழற்றிவிட்டுக் கணினியை இயக்கச் சொல்லுங்கள். திரை இருண்டே இருக்கும், பல மதர்போர்டுகள் ஸ்பீக்கர் வழியே ‘பீப்’ என்று முறையிடும். படம் காட்டும் நிலைக்கு இன்னும் வராததால் அது ஒலியால் பேசுகிறது. மின்சாரத்தை நிறுத்தி, ராமைத் திரும்ப மாட்டியதும் திரை ஒளிரும். எது எதற்கு முன் நடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சோதனை வேறொன்றை நான் பார்த்ததில்லை.

பழைய கணினியில் தேதி தவறாகக் காட்டினால் எரிச்சல்படாதீர்கள், நல்ல கணக்குப் பாடம் கிடைத்திருக்கிறது. மதர்போர்டில் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அந்தக் கடிகாரத்துக்குத் தாளம் கொடுப்பது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம், நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விசித்திர எண்? பிள்ளைகளையே இரண்டால் வகுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள்: 16,384, 8,192, 4,096... பதினைந்தாவது வகுத்தலில் மிச்சமின்றி 1 வரும். இரண்டால் வகுப்பது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை. அப்படிப்பட்ட பதினைந்து சுற்றுகளை வரிசையாக வைத்தால் சரியாக ஒரு நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும்.

கொஞ்சம் பணம் செலவழிப்பதென்றால் தகவலைச் சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க், தேவையான தகவல் அதைப் படிக்கும் முனைக்குக் கீழே சுழன்று வருவதற்கே சராசரியாக 4 மில்லிநொடிக்கு மேல் காத்திருக்கிறது. எஸ்எஸ்டியில் சுழல எதுவுமே இல்லை. இலேசான லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, கணினி முதலில் அதைத் தேடும்படி பயாஸில் வரிசையை மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். பட்டனிலிருந்து அதுவரை நடப்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.