பழைய ரேடியோவை அடையாளம் காட்டும் வால்வு எழுத்துகள்

பழைய மர ரேடியோ கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது முன்பக்கத்துப் பெயரைத்தான். பிலிப்ஸ், மர்ஃபி என்று ஏதாவது இருக்கும். ஒரே கம்பெனி எத்தனையோ மாடல்கள் விட்டிருக்கும். குமிழும் துணியும் இடையில் மாறியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பெயர் சொல்லாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க அட்டையைக் கழற்றி, எதையும் தொடாமல் வால்வுகளின், அதாவது சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய்களின், மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்.

‘இசிஎச் 81’ (ECH 81) என்று இருந்தால், அது ஐரோப்பிய முறையில் வைத்த பெயர். முதல் எழுத்து வால்வைச் சூடாக்கும் கம்பியான ஹீட்டரைப் பற்றியது: இ என்றால் 6.3 வோல்ட். சி என்றால் உள்ளே மூன்று மின்முனைகள் உள்ள டிரையோடு, எச் என்றால் ஏழு உள்ள ஹெப்டோடு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள். எண் 8-இல் தொடங்கினால் அடியில் ஒன்பது ஊசிகள் இருக்கும். இந்த வகை 1950களில் பரவியது. எண் 3-இல் தொடங்கினால் தடித்த எட்டு ஊசி பேஸ், அதைவிடப் பழைய வடிவம்.

இந்த இசிஎச் 81-தான் செட்டின் மூளை. நீங்கள் 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தைத் திருப்பும்போது, அதன் டிரையோடு பகுதி 1455 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்கும். ஹெப்டோடு இரண்டையும் கலந்து, அவற்றுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை, அதாவது 455-ஐத் தரும். வேறு நிலையத்துக்குப் போனாலும் அந்த அலையும் கூடவே நகரும், வித்தியாசம் மாறாது. அதனால் அடுத்த வால்வான இஎஃப் 89 அந்த ஒரே அலைவரிசையை மட்டும் பெருக்கினால் போதும். அப்புறம் இபிசி 81 பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுக்கும், இஎல் 84 ஸ்பீக்கரை ஓட்டும், இசட் எழுத்துள்ள இஇசட் 80 ஏசியை டிசியாக்கும்.

சரி, முதல் எழுத்து ‘யூ’ (U) என்றால்? இங்கேதான் கவனம் வேண்டும். யூ வால்வுகள் எல்லாம் 100 மில்லிஆம்பியரில் ஓடுபவை. அவற்றின் ஹீட்டர்களைக் கல்யாண வீட்டு சீரியல் லைட் போல வரிசையாகக் கோத்திருப்பார்கள். யூசிஎச் 81-க்கு 19 வோல்ட், யூஎஃப் 89-க்கு 12.6, யூபிசி 81-க்கு 14, யூஎல் 84-க்கு 45, யூஒய் 85-க்கு 38, கூட்டினால் 128.6. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றால் மீதி நூறு வோல்ட் சொச்சத்தை ஒரு ரெசிஸ்டர் சுமக்க வேண்டும். அது 10 வாட் சூடு. கனமான டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை, செட்டும் மலிவு. ஆனால் வழக்கமாக இந்த செட்டுகளில் மின்சாரத்தின் ஒரு கம்பி நேராக சேஸிஸில், அதாவது உள்ளே எல்லாவற்றையும் தாங்கும் உலோகத் தட்டில், சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். குமிழ் கழன்று வெறும் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் யூ செட்டை நான் வீட்டில் விடவே மாட்டேன்.

இ செட்டோ யூ செட்டோ, வருடக்கணக்கில் கிடந்ததை ‘பாடுகிறதா பார்ப்போம்’ என்று செருகாதீர்கள். இஎல் 84-க்கோ யூஎல் 84-க்கோ ஒலியை மட்டும் விட்டு டிசியைத் தடுக்கும் மெழுகுக் காகிதக் கண்டென்சர் அநேகமாகக் கசியும். கசிந்தால் வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, மின்னோட்டம் கட்டுமீறி, ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மர் வரை கருகலாம். முதலில் மாற்ற வேண்டியது அந்தக் கண்டென்சரைத்தான்.